ஆலன் சுகர்: வேன் வியாபாரியிலிருந்து டிவி முதலாளி வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு ராத்திரி டிவியில் பார்த்தேன். நரைத்த தாடி, சுருங்கிய நெற்றி. எதிரே கோட்டு சூட்டு போட்ட மூன்று பேர் வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் விரலை நீட்டி, "யூ ஆர் ஃபயர்ட்" என்றதும் ஒருவர் எழுந்து, "தேங்க்யூ லார்டு சுகர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். வேலையை விட்டுத் தூக்கினவருக்கு நன்றியா! அன்றைக்கே அந்த ஆளைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பிறகு நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் எனக்கே எழுந்த கேள்விகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

யார் இந்த ஆலன் சுகர்?

இங்கிலாந்தில் 1980களில் மலிவு விலை கம்ப்யூட்டரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த 'ஆம்ஸ்ட்ராட்' கம்பெனியின் முதலாளி. டாட்டன்ஹாம் கால்பந்துக் கிளப்பைப் பத்து வருடம் கையில் வைத்திருந்தவர். 2005 முதல் பிபிசியில், வாராவாரம் ஆளை வெளியேற்றும் 'தி அப்ரண்டிஸ்' என்ற வியாபாரப் போட்டி நிகழ்ச்சியின் நடுநாயகம். இன்றைய பிள்ளைகளைக் கேட்டால் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டர் கதையை அப்பா அம்மாக்கள்தான் சொல்ல வேண்டும்.

சுகர் என்பது நிஜப் பெயரா?

ஆமாம், குடும்பப் பெயரே அதுதான். பெயரில் இருக்கும் இனிப்பு பேச்சில் இல்லையே என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்துவிட்டன. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

வசதியான வீட்டுப் பிள்ளையா?

இல்லவே இல்லை. 1947 மார்ச் 24 அன்று கிழக்கு லண்டன் ஹாக்னியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா தையல்காரர். குடியிருந்தது கிளாப்டனில் நகராட்சி கட்டிக்கொடுத்த வாடகைக் குடியிருப்பு. நான்கு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. மற்ற மூவரும் பல வயது மூத்தவர்கள் என்பதால் கிட்டத்தட்ட ஒற்றைப் பிள்ளை போலத்தான் வளர்ந்தார்.

தைக்கும் தொழிலில் சீசனுக்குத்தான் வேலை. ஒரு வாரம் சம்பளம் வரும், மறுவாரம் வராது. அந்த பயம் அப்பாவை விட்டுக் கடைசிவரை போகவில்லை. பையனோ பள்ளியில் படிக்கும்போதே காய்கறிக் கடைக்காரருக்காக விடியற்காலையில் எழுந்து பீட்ரூட் வேகவைத்துக் கொடுப்பான். இஞ்சி பியர் தயாரித்து விற்பான். 16 வயதில் படிப்பை நிறுத்தியாகிவிட்டது.

முதலில் என்ன வேலை பார்த்தார்?

அரசாங்க வேலை! கல்வித்துறையில் புள்ளிவிவரம் கணக்குப் போடும் குமாஸ்தா. நம் வீடுகளில் என்றால் சாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பார்கள். இவரோ கொஞ்ச நாளிலேயே கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அப்புறம் ஓரிரு இடங்களில் விற்பனை வேலை. அதிலும் நிலைக்கவில்லை. தனியாகத் தொழில் செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டது ஒரே கேள்வி: வெள்ளிக்கிழமை உனக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

தபால் ஆபீஸ் சேமிப்பிலிருந்து 100 பவுண்டு எடுத்தார். 50 பவுண்டுக்கு ஒரு பழைய வேன், 8 பவுண்டுக்கு இன்சூரன்ஸ், மீதிப் பணத்துக்குச் சரக்கு. கார் ரேடியோவுக்கு மாட்டும் ஏரியல், சின்னச் சின்ன எலக்ட்ரிக் சாமான்கள். காலையில் மொத்த வியாபாரியிடம் வாங்குவது, சாயங்காலத்துக்குள் கடை கடையாக ஏறி விற்பது. மறுநாளும் அதேதான்.

ஆம்ஸ்ட்ராட் என்றால் என்ன?

ஆலன் மைக்கேல் சுகர் டிரேடிங் என்ற நான்கு சொற்களின் தலையை ஒட்டவைத்த பெயர். 1968ல் தொடங்கினார், அப்போது வயது 21. அதே வருடம்தான் ஆன் என்பவரோடு கல்யாணமும். இன்றுவரை அதே மனைவி, மூன்று பிள்ளைகள். டிவிக்காரர்கள் வாழ்க்கையில் கிசுகிசு தேடுகிறவர்களுக்கு இங்கே ஒன்றும் தேறாது.

வாங்கி விற்கிறவர் தயாரிப்பாளரானது ஒரு மூடியால். இசைத்தட்டு சுழலும் டர்ன்டேபிள் மேல் தூசி விழாமல் கவிழ்க்கும் பிளாஸ்டிக் மூடி. அதைப் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி வளைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடிக்கும், விலையும் கூடும். சுகர், உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றி அடிக்கும் முறைக்கு மாறினார். அச்சு செய்யத்தான் பெரிய செலவு. அதற்கப்புறம் மூடி இட்லி போல வந்துகொண்டே இருக்கும். மற்றவர்களால் அந்த விலைக்குக் கொடுக்க முடியவில்லை.

அவர் வியாபார ரகசியம் என்ன?

அவரே வைத்துக்கொண்ட பெயர் ஒன்று உண்டு: 'மக்ஸ் ஐஃபுல்'. கிழக்கு லண்டன் சந்தைப் பேச்சு. 'மக்' என்றால் ஏமாளி. ஏமாளியின் கண் நிறையக் காட்டு என்று அர்த்தம்.

1970களின் கடைசியில் நல்ல பாட்டு கேட்க ஆசைப்படுகிறவர் டர்ன்டேபிள் தனியாக, ஆம்ப்ளிஃபயர் தனியாக, ரேடியோ தனியாக, கேசட் தனியாக வாங்க வேண்டும். பின்பக்கம் பார்த்தால் ஒயர்கள் இடியாப்பம் போலக் கிடக்கும். சுகர் என்ன செய்தார்? எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடுக்கினார். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் தனித்தனிப் பெட்டிகளை அடுக்கியது போலவே இருக்கும். நிறைய குமிழ், நிறைய விளக்கு, கண்ணாடிக் கதவு. பின்னால் ஒரே ஒரு பிளக். சத்தத்தின் தரம் பற்றி ஹை-ஃபை பிரியர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களுக்காக அவர் செய்யவே இல்லை. லாரி ஓட்டுகிறவரும் அவர் மனைவியும் கடை ஜன்னலில் பார்த்து, "இவ்வளவும் இந்த விலைக்கா?" என்று உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான்.

சொல் கேட்க மோசமாக இருக்கிறது, வாடிக்கையாளரை ஏமாளி என்பதா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் பெட்டி வேலை செய்தது, விலையும் குறைவு. நிஜமாக ஏமாற்றியிருந்தால் பத்து வருடம் அதே கடைகளில் சரக்கு போயிருக்காது. 1980ல் கம்பெனி லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது.

கம்ப்யூட்டரில் அப்படி என்ன சாதித்தார்?

அதே வித்தைதான், பெட்டி மட்டும் வேறு. அன்றைக்கு வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினால் கீபோர்டு மட்டும் வரும். கேசட் பிளேயரை நீங்கள் கொண்டுவர வேண்டும். திரைக்கு வீட்டு டிவியைப் பிடுங்க வேண்டும், குடும்பமே சண்டைக்கு வரும். 1984ல் வந்த சிபிசி 464ல் கேசட் உள்ளேயே இருந்தது, மானிட்டரும் கூடவே வந்தது. பச்சைத் திரையோடு 249 பவுண்டு. ஒரே பிளக்.

மறுவருடம் பிசிடபிள்யூ 8256. இதுதான் என் கணக்கில் அவருடைய உச்சம். திரை, கீபோர்டு, டிஸ்க், பிரிண்டர், கடிதம் தட்டும் மென்பொருள் எல்லாம் சேர்த்து வரி நீங்கலாக 399 பவுண்டு. நல்ல எலக்ட்ரிக் டைப்ரைட்டரோடு போட்டி போடும் விலை. எழுத்தாளர்கள், சின்ன ஆபீஸ்காரர்கள், கோயில் கமிட்டி போல அங்கே இருக்கும் சர்ச் கமிட்டிகள் என எல்லாரும் வாங்கினார்கள். கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கே பயந்தவர்கள் இதைத் தட்டச்சு மெஷின் என்று நினைத்து வாங்கியதுதான் விசேஷம். கம்பெனிக்குள் அதன் செல்லப் பெயர் ஜாய்ஸ். சுகரின் செயலாளர் பெயர் அது.

ஃபேன் கதை ஒன்று சொல்வார்களே?

1986ல் ஐபிஎம் வகையறாவுக்குப் போட்டியாக பிசி 1512 வந்தது. இதுவும் 399ல் தொடக்கம். ஐபிஎம் விலையோடு பக்கத்தில் வைத்தால் கண் கட்டும். இந்த மெஷினில் மின்சாரம் கொடுக்கும் பகுதி மானிட்டருக்குள் இருந்ததால் பிரதான பெட்டி சூடாகாது, ஃபேன் தேவையே இல்லை. ஆனால் "ஃபேன் இல்லை, சூடாகி நின்றுவிடும்" என்று ஒரு வதந்தி கிளம்பிவிட்டது. பெரிய கம்பெனிகள் ஆர்டர் கொடுக்கத் தயங்கின.

பொறியாளராக இருந்தால் வரைபடத்தை விரித்து விளக்கியிருப்பார். சுகர் ஃபேனை வைத்துவிட்டார். தேவையில்லாத ஃபேன்தான், அதை ஒளிக்கவும் இல்லை. ஃபேன் இருந்தால்தான் வாங்குவேன் என்றால் ஃபேன் வைக்கிறேன், ரோஸ் கலர் புள்ளி வேண்டுமென்றால் அதையும் வைக்கிறேன், சுவரில் முட்டிக்கொள்வதால் என்ன லாபம் என்கிற தொனியில் பேட்டியும் கொடுத்தார். அந்த ஆளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவம் போதும்.

சின்க்ளேரை வாங்கியது இவர்தானா?

ஆமாம், 1986 ஏப்ரலில். பிரிட்டனின் கம்ப்யூட்டர் மேதை என்று கொண்டாடப்பட்ட சர் கிளைவ் சின்க்ளேர் கடனில் மூழ்கியபோது, அவருடைய கம்ப்யூட்டர்களின் உரிமையையும் பெயரையும் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். ஒருவருக்கு மூளை, மற்றவருக்கு மூக்கு. பணம் எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிற மூக்கு.

சறுக்கல் உண்டா?

ஆனைக்கும் அடி சறுக்கும். 1989ல் வந்த பிசி 2000 வரிசையில் ஹார்டு டிஸ்க்குகள் வரிசையாகப் பழுதாயின. ஆபீஸ் கம்ப்யூட்டர் சந்தையில் ஆம்ஸ்ட்ராட்டின் பெயரே கெட்டது. டிஸ்க் கொடுத்த சீகேட் கம்பெனி மேல் வழக்குப் போட்டு, 1997ல் 9.3 கோடி டாலர் தீர்ப்பும் வாங்கினார். பணம் வந்தது, போன சந்தை வரவில்லை. 1990ல் விட்ட ஜிஎக்ஸ் 4000 என்ற வீடியோ கேம் பெட்டி வந்த சுவடு தெரியாமல் போனது. 2000ல் ஈமெயில் பார்க்கும் டெலிபோன் ஒன்றும் வந்தது, அதுவும் எடுபடவில்லை. 1992ல் பங்குகளை 30 பென்ஸ் விலைக்குத் திரும்ப வாங்கி கம்பெனியைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தார். பங்குதாரர்கள் முடியாது என்று ஓட்டுப்போட்டுவிட்டார்கள்.

கால்பந்தில் என்ன வேலை?

1991ல் பயிற்சியாளர் டெர்ரி வெனபிள்ஸோடு சேர்ந்து கடனில் இருந்த டாட்டன்ஹாமை வாங்கினார். இரண்டே வருடத்தில் வெனபிள்ஸை வெளியேற்றினார். விஷயம் கோர்ட்டு வரை போனது, ரசிகர்கள் வெனபிள்ஸ் பக்கம். அடுத்து, முந்தைய நிர்வாகக் காலத்துப் பண முறைகேடுகளுக்காகக் கால்பந்துச் சங்கம் 12 புள்ளிகளைப் பறித்தது, எஃப்ஏ கோப்பையிலும் ஆடத் தடை போட்டது. சுகர் விடாமல் போராடி இரண்டையும் நீக்கவைத்தார். அதற்கும் பெரிதாகக் கைதட்டல் கிடைக்கவில்லை.

ஆனால் கால்பந்தையே மாற்றிய காரியம் ஒன்று அவர் போட்ட போனில் நடந்தது. 1992 மே மாதம் லண்டன் ஹோட்டல் ஒன்றில் புதிய பிரீமியர் லீக்கின் ஒளிபரப்பு உரிமை யாருக்கு என்று கிளப் தலைவர்கள் கூடியிருக்கிறார்கள். ஐடிவி என்ற டிவி சேனல் 26.2 கோடி பவுண்டு என்று கடைசி நேரத்தில் விலையை ஏற்றியது. சுகர் வெளியே வந்து போனை எடுத்து, எதிராளியைத் தூக்கி அடிக்கும்படி ஒரு தொகை சொல்லுங்கள் என்று சாட்டிலைட் டிவி நடத்தும் ஸ்கை கம்பெனிக்கு உத்தரவு போடாத குறையாகச் சொன்னார். பக்கத்தில் நின்று கேட்டது ஐடிவிக்காரர்! ஸ்கை 30.4 கோடி என்றது. 14க்கு 6 என்ற ஓட்டுக் கணக்கில் வென்றது. இதில் சூட்சுமம் என்னவென்றால், ஸ்கையைப் பார்க்கத் தேவையான டிஷ் ஆன்டெனாவைச் செய்து விற்றதே ஆம்ஸ்ட்ராட்தான். தனக்கு இதில் ஆதாயம் இருக்கிறது என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டுத்தான் ஓட்டுப்போட்டார். இருந்தாலும் இதை நியாயம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

2001ல் கிளப்பின் பெரும்பகுதியை விற்றுவிட்டு வெளியேறினார்.

டிவிக்கு எப்படி வந்தார்?

தயாரிப்பாளர் மார்க் பர்னெட்டின் யோசனையில் உருவான 'அப்ரண்டிஸ்' 2004 ஜனவரியில் அமெரிக்காவில் டொனால்டு டிரம்பை வைத்து ஆரம்பமானது. பிபிசி அதன் பிரிட்டிஷ் வடிவத்துக்கு முதலாளி தேடியபோது சுகர் கிடைத்தார். 2005 பிப்ரவரி 16 அன்று பிபிசி டூவில் முதல் பகுதி. 2007ல் பெரிய சேனலான பிபிசி ஒன்னுக்குப் போனது.

அவருக்கு வயது 57. கம்பெனியின் பொற்காலம் முடிந்திருந்தது. நடிக்கத் தெரியாது. கிழக்கு லண்டன் கொச்சையை மாற்றவும் முயலவில்லை. சரக்கு வாங்க வந்தவனிடம் பேரம் பேசுவது போலத்தான் போட்டியாளர்களிடம் பேசினார். அதுதான் எடுபட்டது.

பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் வாடகை முகங்கள் இல்லை. நிக் ஹூவர் ஆம்ஸ்ட்ராட்டின் மக்கள் தொடர்பைப் பார்த்தவர். மார்கரெட் மவுன்ட்ஃபோர்டு அவருக்காக வேலை பார்த்த வக்கீல். போட்டியாளர்களின் பயோடேட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு கிழி கிழி என்று கிழிக்கும் கிளாட் லிட்னர் டாட்டன்ஹாமை நிர்வகித்தவர். 23 வயதில் பர்மிங்காம் சிட்டி கால்பந்துக் கிளப்பை நடத்தத் தொடங்கிய கேரன் பிரேடி 2010ல் வந்து சேர்ந்தார்.

அந்த போர்டு ரூம் நிஜமா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். பதில்: போட்டியாளர்களை உட்காரவைத்து வெளியேற்றும் அந்த அறை ஸ்டுடியோவில் போட்ட செட்டு.

ஹெலிகாப்டரிலிருந்து லண்டனின் வர்த்தகப் பகுதியான கேனரி வார்ஃபின் கண்ணாடிக் கோபுரங்களைக் காட்டுவார்கள். நாம் சுகர் அங்கேதான் 40வது மாடியில் இருக்கிறார் போல என்று நினைத்துக்கொள்வோம். ஆம்ஸ்ட்ராட்டின் தலைமையகம் இருந்ததோ எஸெக்ஸில் பிரென்ட்வுட் என்ற ஊரில். கோபுரங்களோடு அதற்கு ஒரு சம்பந்தமும் கிடையாது.

வெளியேற்றப்பட்டவர் கோட்டு மாட்டி, சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு டாக்சியில் ஏறுவார் இல்லையா? பெட்டியோடு வெளியே நடக்கும் அந்தக் காட்சியை ஆரம்பத்திலேயே எல்லாப் போட்டியாளரையும் வைத்து எடுத்து வைத்துவிடுகிறார்கள். கடைசியில் ஜெயிக்கப் போகிறவரும் ஒருமுறை தோற்று வெளியே போனவர்தான்! அதனால்தான் சில சமயம் உள்ளே ஒரு தலைவாரலும் வெளியே வேறு தலைவாரலுமாக இருக்கும். கவனித்துப் பாருங்கள்.

ஏமாளியின் கண் நிறையக் காட்டு என்றாரே, அந்தச் சந்தை வித்தையை இங்கே பிபிசி அவரை வைத்தே செய்கிறது. முன்பக்கம் கோபுரம், விளக்கு, கண்ணாடிக் கதவு. பின்னால் ஒரே பிளக், அவர் வாய்.

ஜெயித்தவர்களுக்கு உண்மையிலேயே வேலை கிடைத்ததா?

கிடைத்தது. முதல் சில வருடங்களில் பரிசு வருடத்துக்கு 1 லட்சம் பவுண்டு சம்பளத்தில் ஒரு வேலை. முதல் வெற்றியாளர் டிம் கேம்பல் ஆம்ஸ்ட்ராட்டில் அழகுச் சாதனப் பிரிவைப் பார்த்தார். 2010ல் வென்ற ஸ்டெல்லா இங்கிலிஷ், தனக்கு உருப்படியான வேலையே தரவில்லை, வெறும் எடுபிடிதான் என்று தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2013ல் வழக்கு தள்ளுபடியானது.

அதற்கு முன்பே, 2011ல், பரிசை மாற்றிவிட்டார்கள். வேலை கிடையாது, வெற்றியாளரின் தொழிலில் சுகர் 2.5 லட்சம் பவுண்டு முதலீடு செய்து பாதிப் பங்கு எடுத்துக்கொள்வார். அந்த முறையில் முதலில் வென்ற டாம் பெல்லெரோ நகம் ராவும் வளைந்த அரத்தைக் கண்டுபிடித்தவர். போட்டிகளில் தோற்றுக்கொண்டே வந்தவர் அவர். ஆனால் கையில் விற்கிற சரக்கு இருந்தது. சுகர் எதைப் பார்ப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

டிரம்பும் இவரும் நண்பர்களா?

ஒரே நாற்காலியின் இரண்டு நகல் என்பதைத் தவிர ஒட்டுறவு இல்லை. 2012ல் ட்விட்டரில் இருவரும் ஊரறியச் சண்டை போட்டார்கள். டிரம்ப் பணக்கார அப்பாவுக்குப் பிறந்தவர், இவர் 100 பவுண்டில் ஆரம்பித்தவர். பேச்சில் தெரிவது அந்த வித்தியாசம்தான்.

ஐபாட் பற்றி ஏதோ சொல்லி மாட்டிக்கொண்டாராமே?

2005 பிப்ரவரியில், அதாவது நிகழ்ச்சி தொடங்கிய அதே மாதத்தில், அடுத்த கிறிஸ்துமஸுக்குள் ஆப்பிள் கம்பெனியின் பாட்டு கேட்கும் கருவியான ஐபாட் செத்துவிடும், முடிந்தது, போய்விட்டது என்றார். ஐபாட் அதற்கப்புறம் பல வருடம் கோடிக்கணக்கில் விற்றது. மலிவாகச் செய்தால் ஜெயிக்கலாம் என்பதைத் தெரிந்தவருக்கு, கூடுதல் விலை கொடுத்தும் ஜனங்கள் ஆசைப்பட்டு வாங்குவார்கள் என்பது பிடிபடவில்லை என்று நினைக்கிறேன்.

சர், லார்டு எல்லாம் எப்போது?

2000ல் சர். 2009ல் பிரதமர் கோர்டன் பிரவுன் தொழில்முனைவு ஆலோசகராக அமர்த்தி, பிரபுக்கள் சபைக்கும் அனுப்பினார். பட்டம்: கிளாப்டனின் 'பாரன்' சுகர், அதாவது பிரபு. நகராட்சிக் குடியிருப்பு இருந்த அதே கிளாப்டன்தான். அரசு ஆலோசகர் டிவியில் வாராவாரம் தெரிந்தால் 2010 தேர்தலில் நடுநிலை கெடும் என்று பிபிசி அந்த வருட நிகழ்ச்சியையே அக்டோபருக்குத் தள்ளிப்போட்டது. 2015ல் பிரவுனின் கட்சியான லேபரை விட்டு விலகினார்.

சர்ச்சைகள்?

உண்டு. வேலைக்கு வரும் பெண்ணிடம் குழந்தை பெறும் திட்டத்தைக் கேட்கக்கூடாது என்ற சட்டம் பெண்களுக்கே பாதகம், முதலாளி பேசாமல் அவர்களை எடுக்காமலே விட்டுவிடுவார் என்று சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டார். 2018 உலகக் கோப்பையின்போது செனகல் அணியைக் கடற்கரையில் சாமான் விற்பவர்களோடு ஒப்பிட்டு ட்வீட் போட்டார். இனவெறி என்று கண்டனம் எழுந்தது, நீக்கி மன்னிப்புக் கேட்டார். வேனில் சாமான் விற்றவருக்கே அப்படி ஒரு கிண்டல் வாயில் வந்ததுதான் எனக்கு உறுத்தியது.

பணம் டிவியில் வந்ததா?

இல்லை. 2007ல் ஆம்ஸ்ட்ராட்டை ஸ்கைக்கே சுமார் 12.5 கோடி பவுண்டுக்கு விற்றார். டிஷ் செய்து கொடுத்தவரின் கடையை வாடிக்கையாளரே வாங்கிக்கொண்டது போல. ஆனால் பெருஞ்சொத்து 'ஆம்ஸ்ப்ராப்' என்ற குடும்பக் கம்பெனி வழியாக வாங்கிப்போட்ட லண்டன் கட்டடங்களில் இருக்கிறது.

இப்போதும் வருகிறாரா?

வருகிறார். 2021லும் 2022லும் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அந்த நாட்டு அப்ரண்டிஸில் பிரபலங்களையும் வெளியேற்றிவிட்டு வந்தார். பிரிட்டனில் கிளாட் லிட்னருக்கு விபத்தில் அடிபட்ட பிறகு, 2022ல் அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் டிம் கேம்பல். 2005ல் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்த அதே டிம்.